எரியாமல் மிஞ்சிய ராக்கெட்டுகள்

ஒரே முறை பறக்கும் ராக்கெட் ஏவப்பட்டபின் பெரும்பாலும் எதையும் மிச்சம் வைப்பதில்லை. கீழ்க்கட்டங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று கடலிலோ பாலைவனத்திலோ விழுகின்றன. மேல்கட்டம் சுற்றுப்பாதையில் சில காலம் அலைந்து, காற்றில் உரசி எரிகிறது. ஆகவே உலகத்து அருங்காட்சியகங்களில் நிற்கும் அசல் ராக்கெட்டுகளில் பெரும்பாலானவை பறக்காதவை. தரையில் குலுக்கிப் பார்க்கவும், அழுத்தம் ஏற்றிப் பார்க்கவும், ஏவுதளத்தில் ஒத்திகை பார்க்கவும் செய்யப்பட்ட முன்மாதிரிகள் அவை. அல்லது திட்டம் பாதியில் கைவிடப்பட்டதால் கொட்டகையில் தங்கிப்போனவை. வேலை முடிந்த இத்தகைய கலத்தை வைத்துக்கொள்வதா, உடைத்து உலோகமாக விற்பதா என்ற கேள்வி ராக்கெட் செய்த எல்லா நாடுகளுக்கும் வந்திருக்கிறது. அதற்குக் கிடைத்த விடைகளைத் தொகுத்துப் பார்த்தால், வரலாற்று மதிப்பைவிடச் சாலையின் அகலமும் பாலத்தின் உயரமும் கூடுதலாகத் தீர்மானித்திருப்பது தெரிகிறது.

தமிழ் நிலத்தில் ராக்கெட் முதலில் பெயர் வாங்கியது போர்க்களத்தில். 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் ஐதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை வளைத்து முறியடித்தார்கள். மைசூர்ப் படையின் ராக்கெட்டுகள் பட்டுக் கம்பெனியின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றியதே தோல்விக்குக் காரணம் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. இரும்புக் குழாயில் கருமருந்தை இறுக்கி, அதை நீண்ட மூங்கிலில் கட்டிய ஆயுதம் அது. இரும்பு உறை இருந்ததால் உள்ளே கூடுதல் அழுத்தம் தாங்கியது. அதனால் தொலைவும் கூடியது. ஒரு வீரன் சிலவற்றைத் தோளில் சுமந்து நடக்கலாம் என்பதால் அந்நாளில் ராக்கெட்டைக் கொண்டுசெல்வது ஒரு பிரச்சினையே அல்ல. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததும் அவற்றில் சில கப்பலேறி இங்கிலாந்தின் வூல்விச்சுக்குப் போயின. அங்கே வில்லியம் காங்கிரீவ் அவற்றின் வழியில் தம் ராக்கெட்டுகளை உருவாக்கினார். மைசூர் ராக்கெட்டுகள் இரண்டு வூல்விச் பீரங்கிப் படை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இடம்பெற்றன.

செய்த ஊரில் நெடுங்காலம் ஒன்றுகூட இருப்பதாகத் தெரியவில்லை. பிறகு கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில், பழைய பெயரில் பிதனூர் எனப்பட்ட நகரா என்னும் ஊரின் பாழுங்கிணற்றிலிருந்து துருப்பிடித்த இரும்புக் குழாய்கள் கிடைத்தன. 2002-இல் முதலில் கிடைத்தவற்றை யாரும் ராக்கெட் என்று எண்ணவில்லை. வெறும் குண்டுகள் என்றே ஒதுக்கிவைத்தார்கள். 2018-இல் அதே ஊரில் கிணற்றைத் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டவை வெளிவந்தன. சேறும் கிணறும் செய்த பாதுகாப்பை எந்த அரசும் செய்யவில்லை என்பது கசப்பான வேடிக்கை. சிவமொக்காவின் சிவப்ப நாயக்கர் அரண்மனை அருங்காட்சியகம் அவற்றுக்கு இடம் கொடுத்தது.

இந்தியாவின் நவீன ராக்கெட் வரலாறு திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவில் தொடங்குகிறது. பூமியின் காந்த நடுக்கோடு அந்த மீனவக் கிராமத்தின் அருகே செல்வதால் மேல் வளிமண்டலத்தை ஆராய அது ஏற்ற இடமாக இருந்தது. புனித மகதலேன் மரியாள் ஆலயமும் ஆயர் இல்லமும் விஞ்ஞானிகளுக்குக் கொடுக்கப்பட்டன. ஆலயம் பணிமனையாயிற்று, ஆயர் வீடு அலுவலகமாயிற்று. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து ஏவப்பட்ட முதல் ராக்கெட் அமெரிக்கா தந்த நைக்-அப்பாச்சி. ஆலயத்தில் பூட்டப்பட்ட ராக்கெட்டை லாரியில் ஏற்றி ஏவுமேடைக்குக் கொண்டுபோனார்கள். அதைத் தூக்கி மேடையில் வைக்கும்போது கையால் இயக்கும் கிரேனின் ஹைட்ராலிக் அமைப்பில் கசிவு ஏற்பட்டு, கடைசியில் ஆட்களே சேர்ந்து தூக்கிப் பொருத்த வேண்டியதாயிற்று என்று அப்துல் கலாம் தம் சுயசரிதையில் நினைவுகூர்கிறார். ராக்கெட்டின் மூக்குக்கூம்பு சைக்கிளில் போகும் காட்சியை 1966-இல் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்தியே-பிரேசன் எடுத்தார். இந்திய விண்வெளித் துறை பற்றிய எந்தக் கட்டுரையும் அந்தப் படமில்லாமல் இன்றுவரை முடிவதில்லை.

அந்தப் படத்தோடு கூடவே வரும் மாட்டுவண்டிப் படத்தைப் பற்றி ஒரு திருத்தம் தேவை. 1981-இல் ஆப்பிள் செயற்கைக்கோள் மாட்டுவண்டியில் நிற்பதை ஏழ்மையின் அடையாளமாகப் பலர் காட்டுவார்கள். உண்மையில் அது ஆன்டெனாச் சோதனை. உலோக உடல்கொண்ட லாரி அலைகளைப் பிரதிபலித்து அளவீட்டைக் குழப்பும் என்பதால் மரத்தாலான வண்டியை வாடகைக்கு எடுத்தார்கள். போக்குவரத்துக்கும் பொறியியலுக்கும் உள்ள உறவை இவ்வளவு சுருக்கமாகக் காட்டும் படம் வேறில்லை.

1967 நவம்பரில் ஏவப்பட்ட முதல் இந்திய ராக்கெட் ரோகிணியின் குறுக்களவு 75 மில்லிமீட்டர். அதைக் கையில் எடுத்துப் போகலாம். பாதுகாப்பதற்கு ஓர் அலமாரி போதும். 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்த எஸ்.எல்.வி.-3 22 மீட்டர் உயரமும் 17 டன் எடையும் கொண்டது. அதன்பின் வந்த பி.எஸ்.எல்.வி.யின் முதல் கட்டம் மட்டுமே 2.8 மீட்டர் குறுக்களவில் ஐந்து துண்டங்களாக, ஏறத்தாழ 139 டன் திட உந்துபொருளைச் சுமக்கிறது. இன்றைய எல்.வி.எம்.-3 43.5 மீட்டர் உயரம், 640 டன். அரை நூற்றாண்டுக்குள் சைக்கிள் கேரியரிலிருந்து பல அச்சு டிரெய்லருக்கு வந்துவிட்ட இந்த வளர்ச்சியில்தான் பழையதை வைத்துக்கொள்ளும் சிக்கல் முளைத்தது.

பெரிய திட எரிபொருள் மோட்டாரை நெடுந்தூரம் கொண்டுபோவது ஆபத்தும் செலவும் மிக்க வேலை. ஆகையால் வெற்று எஃகு உறைகளைத் தொழிற்சாலைகளிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குக் கொண்டுவந்து, உந்துபொருளை அங்கேயே வார்க்கிறார்கள். ராக்கெட் பிறக்கும் இடமும் ஏவப்படும் இடமும் ஒன்றாகிவிட்டால் பாதிப் பயணம் மிச்சம். திரவ எரிபொருள் கட்டங்களுக்கு இந்த வழி இல்லை. அவை திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் பூட்டப்பட்டுச் சோதிக்கப்படுகின்றன. அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டா 700 கிலோமீட்டருக்கும் மேல். எல்.வி.எம்.-3-இன் திரவக் கட்டம் 4 மீட்டர் குறுக்களவும் 20 மீட்டருக்கு மேல் நீளமும் கொண்டது. முன்னும் பின்னும் காவல் வண்டிகள் வர, மெல்ல நகரும் டிரெய்லரில் அது தமிழ்நாட்டின் தெற்கு நுனியிலிருந்து வடக்கு எல்லையைத் தாண்டிப் போகிறது. கடைசியில் சூலூர்பேட்டையிலிருந்து பழவேற்காடு ஏரியின் நடுவே போடப்பட்ட சாலை வழியாகத் தீவுக்குள் நுழைகிறது. 2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் சிறிய ராக்கெட்டுகளுக்கான இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இலங்கையைச் சுற்றி வளையாமல் நேரே தெற்கு நோக்கி ஏவலாம் என்பது அதன் முதன்மைக் காரணம். மகேந்திரகிரிக்கு நூறு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவு என்பது கூடுதல் வசதி.

எரிபொருள் நிரப்பிய பிறகு ஏவப்படாமல் நின்றுபோகும் ராக்கெட் எல்லாவற்றையும்விடச் சங்கடமானது. 2013 ஆகஸ்ட் 19 அன்று ஜி.எஸ்.எல்.வி. டி-5 புறப்படுவதற்கு ஒன்றேகால் மணி நேரம் இருக்கையில் இரண்டாம் கட்டத் தொட்டியில் கசிவு தெரிந்து கவுன்ட்-டவுன் நிறுத்தப்பட்டது. அதில் இருந்தது ஹைட்ரசீன் குடும்பத்து எரிபொருள். மூச்சில் பட்டாலும் தோலில் பட்டாலும் நஞ்சு. எரிபொருளை வடித்து, கலத்தை மேடையிலிருந்து பின்னுக்குக் கொண்டுபோய்ப் பிரித்தார்கள். தொட்டியை வேறு அலுமினியக் கலவையில் செய்து, புதிய இரண்டாம் கட்டத்தோடு 2014 ஜனவரி 5 அன்று வெற்றியாக ஏவினார்கள். ராக்கெட்டை உடைப்பது பழைய இரும்புக் கடை வேலை அன்று என்பதற்கு இது நல்ல சான்று. திரவ எரிபொருளை வடித்துக் கழுவலாம். உறையோடு ஒட்டிக் கெட்டியான திட உந்துபொருளை வடிக்க முடியாது. எரித்துத் தீர்க்க வேண்டும் அல்லது உயர் அழுத்த நீர்ப் பீச்சலால் அறுத்தெடுக்க வேண்டும். கட்டங்களைப் பிரிக்கும் சிறு வெடிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். இத்தனையும் முடிந்த பிறகே அது காட்சிப்பொருளாகவோ பழைய உலோகமாகவோ ஆகும்.

விண்ணுக்குப் போய்த் திரும்பி வந்த இந்தியக் கலங்கள் சிலவே. 2007 ஜனவரி 10 அன்று ஏவப்பட்ட 550 கிலோ எடையுள்ள மீட்புக்கலம் 12 நாள் சுற்றிவிட்டு வங்கக்கடலில் விழுந்தது. கடலோரக் காவல்படை அதை எண்ணூர்த் துறைமுகத்தில் கரைசேர்த்தது. 2014 டிசம்பர் 18 அன்று எல்.வி.எம்.-3-இன் முதல் சோதனை ஏவுதலில் போன ஆளில்லாத பயணிகள் கூடு அதைவிடப் பெரியது. 3 மீட்டருக்குச் சற்று மேல் குறுக்களவு, 3.7 டன் எடை. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1,600 கிலோமீட்டருக்கு அப்பால், அந்தமான் பக்கம் பாராசூட்டில் இறங்கியது. கடலோரக் காவல்படைக் கப்பல் அதைத் தூக்கிக்கொண்டு மீண்டும் எண்ணூர் வந்தது. அங்கிருந்து சாலை வழியாக முதலில் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் பிறகு திருவனந்தபுரத்துக்கும் போயிற்று. 2023 அக்டோபர் 21 அன்று மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தின் தப்பிப்புச் சோதனையில் கடலில் இறங்கிய கூட்டைக் கடற்படை மீட்டுச் சென்னைத் துறைமுகத்தில் ஒப்படைத்தது. சென்னையின் துறைமுகங்கள் இப்படிப் பழைய விண்கலங்களின் இறங்குதுறையாக ஆகியிருப்பதை நகரவாசிகளில் எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?

இறக்கை வைத்த கலங்களின் கதை இரண்டு விதமாக முடிந்தது. 2016 மே 23 அன்று ஏவப்பட்ட 6.5 மீட்டர் நீளச் சோதனைக் கலம் கடலில் இறங்கியது, மீட்கப்படவில்லை. அதன் வழியில் வந்த புஷ்பக் 2023-லும் 2024-லும் கர்நாடகத்தின் சள்ளகெரேயில் ஹெலிகாப்டரில் தூக்கிச் செல்லப்பட்டு, விடுவிக்கப்பட்டு, ஓடுபாதையில் தானே இறங்கியது. 2024 மார்ச்சில் இறங்கிய அதே உடல் ஜூனில் மறுபடி பறந்தது.

உலகின் பெரிய ராக்கெட்டுகளுக்கு இந்தச் சிக்கல் பல மடங்கு. நிலவுக்கு மனிதரை அனுப்பிய சாட்டர்ன்-5 110 மீட்டர் உயரம்; அதன் முதல் கட்டத்தின் குறுக்களவு 10 மீட்டர். எந்த நெடுஞ்சாலைக்கும் அடங்காத அளவு. முதல் கட்டம் லூசியானாவிலிருந்து தோணிப்படகில் புளோரிடா போயிற்று. கலிபோர்னியாவில் செய்த இரண்டாம் கட்டம் கப்பலேறிப் பனாமாக் கால்வாய் வழியாக வந்தது. மூன்றாம் கட்டத்தை வயிறு புடைத்த சூப்பர் கப்பி விமானம் சுமந்தது. கடைசி நிலவுப் பயணங்கள் ரத்தானபோது இரண்டு சாட்டர்ன்கள் செய்து முடித்த நிலையில் கைமேல் நின்றன. இன்று ஹூஸ்டன், ஹன்ட்ஸ்வில், கென்னடி விண்வெளி மையம் ஆகிய மூன்று இடங்களில் படுக்கையாக இருப்பவை அந்த மிச்சங்களும் தரைச்சோதனைக் கலங்களும் கலந்தவை. ஹன்ட்ஸ்வில்லில் உள்ளது குலுக்கிப் பார்க்கச் செய்த முன்மாதிரி. பறக்கும் எண்ணமே அதற்கு இருந்ததில்லை. ஹூஸ்டனில் இருப்பது மட்டும் முழுவதும் பறக்கத் தகுதியான கட்டங்களால் ஆனது. அந்த அருமை தெரிந்திருந்தும் கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் வெளியில் மழையிலும் வெயிலிலும் கிடத்தினார்கள். பூஞ்சை படர்ந்தது, பறவைகள் குடியேறின, உலோகம் அரித்தது. 2000-களின் நடுவில்தான் அதன்மேல் கூரை எழும்பியது.

சோவியத் ஒன்றியம் தன் நிலவு ராக்கெட்டான என்-1-ஐ வெட்கத்தோடு அழித்தது. 1969-க்கும் 1972-க்கும் இடையே நான்கு முறை ஏவி நான்கும் தோற்றன. திட்டம் கைவிடப்பட்டதும் மிச்சக் கலங்களை உடைக்க ஆணை வந்தது. அவற்றின் வளைந்த தொட்டித் துண்டுகள் பைக்கனூர் ஏவுதளப் பகுதியில் நிழற்குடைகளாகவும் கொட்டகைக் கூரைகளாகவும் ஆயின. என்ஜின்களையும் அழிக்கச் சொன்னார்கள். வடிவமைப்பாளர் குஸ்னெட்சோவின் ஆலை அவற்றைக் கிடங்கில் ஒளித்துவைத்தது. 1990-களில் வெளியே தெரியவந்தபோது அமெரிக்க நிறுவனம் ஏரோஜெட் பல என்ஜின்களை வாங்கிற்று. அவை அண்டாரஸ் ராக்கெட்டில் பறந்தன. 2014 அக்டோபர் 28 அன்று அவ்வகை என்ஜின் பூட்டிய அண்டாரஸ் ஒன்று புறப்பட்ட நொடிகளில் வெடித்தது. பாதுகாத்து வைத்தது பயன்படத்தான் செய்தது, ஆனால் நாற்பது ஆண்டுப் பழைய உலோகத்தை மறுபடி நம்பலாமா என்ற கேள்வியையும் கூடவே கொண்டுவந்தது.

விண்ணில் பறந்த ஒரே சோவியத் விண்ணோடமான புரானின் முடிவு இன்னும் துயரமானது. 1988 நவம்பர் 15 அன்று ஆளில்லாமல் பூமியை இருமுறை சுற்றி இறங்கிய அது, 2002 மே 12 அன்று பைக்கனூர் கொட்டகையின் கூரை இடிந்து நொறுங்கியது. கூரையில் வேலை செய்த தொழிலாளர்களும் இறந்தார்கள். வளிமண்டலத்தில் மட்டும் பறந்து பார்த்த அதன் முன்மாதிரிக்கு நேர்மாறான விதி. அது சிட்னியில் காட்சிப்பொருளாக நின்று, பஹ்ரைனில் முடங்கி, பிறகு ஜெர்மனியின் ஸ்பேயர் அருங்காட்சியகத்துக்கு விற்கப்பட்டது. 2008-இல் கப்பலில் ராட்டர்டாம் வந்து, படகில் ரைன் ஆற்றின் எதிர்த்திசையில் ஏறி, பாலங்களுக்கு அடியில் பதுங்கிப் போய்ச் சேர்ந்தது. ஆறு இல்லாத ஊராக இருந்தால் ஸ்பேயருக்கு அந்தக் கலம் கிடைத்திருக்காது.

படகு போகும் ஆறில்லாத ஊரில் என்ன ஆகும் என்பதை லாஸ் ஏஞ்சலிஸ் காட்டியது. 2012 அக்டோபரில் எண்டெவர் விண்ணோடம் விமான நிலையத்திலிருந்து அருங்காட்சியகத்துக்கு நகரச் சாலை வழியாக 19 கிலோமீட்டர் போயிற்று. அதற்கு மூன்று நாள் பிடித்தது. வழியில் ஏறத்தாழ 400 மரங்களை வெட்டினார்கள், மின்கம்பிகளைத் தூக்கினார்கள், விளக்குக் கம்பங்களைக் கழற்றினார்கள். மரங்களை இழந்த குடியிருப்புகள் எதிர்த்ததால், வெட்டியதைப் போல் இரு மடங்குக்கும் மேல் நட்டுத்தர ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்குத் துணையான எரிபொருள் தொட்டி 2016-இல் லூசியானாவிலிருந்து பனாமாக் கால்வாய் சுற்றி வந்தது.

விமானத்தில் ஏற்றினாலும் ஆபத்து விடுவதில்லை. மலேசியாவின் ரசாக்சாட் செயற்கைக்கோளை 2009 ஜூலையில் பசிபிக்கின் குவாஜலீன் தீவுத்திட்டிலிருந்து கொண்டுபோன ஃபால்கன்-1, ஸ்பேஸ்எக்ஸின் முதல் ராக்கெட் வகை. அதற்கு முந்தைய கலம் 2008-இல் தீவுக்குச் சரக்கு விமானத்தில் போனபோது, விமானம் இறங்க இறங்கக் காற்றழுத்தம் கூடி, உள்ளே போதுமான காற்றுப் புக முடியாத தொட்டி நசுங்கத் தொடங்கியது. விமானி மறுபடி உயரே ஏற, பொறியாளர்கள் திருகுகளைக் கழற்றிக் காற்றை உள்ளே விட்டு அதைக் காப்பாற்றினார்கள். அந்த நசுங்கிய கலமே பழுதுபார்க்கப்பட்டு 2008 செப்டம்பர் 28 அன்று சுற்றுப்பாதையை எட்டியது. ராக்கெட் தொட்டிகள் எவ்வளவு மெல்லியவை என்பதற்கு அமெரிக்காவின் பழைய அட்லஸ் இன்னொரு சான்று. உள்ளழுத்தத்தால் மட்டுமே விறைப்பாக நிற்கும் அதைக் காட்சிக்கு நிறுத்தினாலும் தொட்டியில் வாயுவை அடைத்துவைத்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் சுருங்கி விழும்.

இப்போது முன்மாதிரிகள் குவியும் இடம் டெக்சாஸின் போக்கா சிகா. ஸ்பேஸ்எக்ஸ் அங்கே கட்டும் ஸ்டார்ஷிப்பின் துருப்பிடிக்காத எஃகு உடல்கள் 9 மீட்டர் குறுக்களவு கொண்டவை. கட்டும் கொட்டகையும் ஏவுமேடையும் ஒரே சாலையில் இருப்பதால் மட்டுமே அவை நகர முடிகிறது. 2021 மே 5 அன்று மிக உயரப் பறந்து திரும்பி, அவ்வகைப் பறப்பில் முதன்முதலாக வெடிக்காமல் இறங்கி நின்ற எஸ்.என்.15-ஐ ஆர்வலர்கள் காப்பாற்றச் சொன்னார்கள். இரண்டு ஆண்டுகள் வெயிலில் நிறுத்திவிட்டு 2023-இல் வெட்டினார்கள். 2019-இல் 150 மீட்டர் உயரம் தாவிய ஸ்டார்ஹாப்பர் இன்னும் நிற்கிறது. குட்டையாக, கனமாக, மேடைக்குப் பக்கத்திலேயே இருந்ததால் அதைத் தொலைவுக்கு நகர்த்த வேண்டியிருக்கவில்லை.

கீழே விழுந்தவற்றுக்கு அரசு திட்டமிடுவதில்லை, கண்டெடுத்தவர்கள்தான் முடிவெடுக்கிறார்கள். ரஷ்யாவின் வடக்கே மெசேன் பகுதியில் பிளெசெட்ஸ்க் ஏவுதளத்தின் கழிந்த கட்டங்கள் சதுப்புக்காட்டில் விழுகின்றன. வேட்டைக்காரர்கள் அந்த அலுமினியத்தை வெட்டி எடுத்து நீண்ட படகுகள் செய்துகொள்கிறார்கள். நச்சு எரிபொருளின் மிச்சம் ஒட்டியிருக்கக்கூடும் என்பது தெரிந்தே நடக்கும் தொழில் இது.

இந்திய ராக்கெட்டின் துண்டு ஒன்றும் இத்தகைய கேள்வியை எழுப்பியது. 2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரீன் ஹெட் கடற்கரையில் ஆளுயரத்தை மிஞ்சிய, கிளிஞ்சல் படிந்த உருளை ஒதுங்கியது. காவலர்கள் அதைச் சுற்றிவளைத்துக் காத்தார்கள். பி.எஸ்.எல்.வி.யின் மூன்றாம் கட்டமாக இருக்கவே வாய்ப்பு மிகுதி என்று அந்நாட்டு விண்வெளி முகமை மாத இறுதியில் அறிவித்தது. விண்பொருள் எங்கு விழுந்தாலும் ஏவிய நாட்டுக்கே சொந்தம், கேட்டால் திருப்பித் தர வேண்டும் என்பது 1967-இன் விண்வெளி ஒப்பந்தமும் 1968-இன் மீட்பு உடன்பாடும் சொல்லும் நெறி. இந்தியா கேட்கவில்லை, என்ன செய்வதென்று ஆஸ்திரேலியாவே முடிவுசெய்யலாம் என்றார் இஸ்ரோவின் செய்தித் தொடர்பாளர். மேற்கு ஆஸ்திரேலிய முதல்வரோ, 1979-இல் எஸ்பரன்ஸ் வட்டாரத்தில் விழுந்த ஸ்கைலாப் துண்டுகளோடு இதையும் அருங்காட்சியகத்தில் வைக்கலாம் என்று சொன்னார்.

இந்தியாவுக்குள் பார்வையாளருக்குக் கிடைப்பவை பெரும்பாலும் மாதிரிகளே. தும்பாவின் பழைய ஆலயம் இப்போது விண்வெளி அருங்காட்சியகம். சிறிய ராக்கெட்டுகளின் உடல்களையும் பெரியவற்றின் மாதிரிகளையும் அங்கே பார்க்கலாம். ராமேசுவரம் பேய்க்கரும்பில் 2017 ஜூலை 27 அன்று திறக்கப்பட்ட கலாம் நினைவகத்திலும் அக்னி ஏவுகணையின் மாதிரிதான் நிற்கிறது. மாதிரிக்கு நஞ்சு இல்லை, வெடி இல்லை, இராணுவ இரகசியம் இல்லை. துண்டு துண்டாக லாரியில் கொண்டுபோய் நின்ற இடத்தில் பூட்டிவிடலாம். எஸ்.எல்.வி.-3 நான்கு முறையும் ஏ.எஸ்.எல்.வி. நான்கு முறையும் ஏவப்பட்டு ஓய்ந்தன. அவற்றின் பறந்த உடல்கள் கடலடியில் கிடக்கின்றன அல்லது காற்றில் எரிந்துவிட்டன. ஆகவே அந்தத் தலைமுறைக்குச் சான்றாக எஞ்சுபவை தரைச்சோதனைக்குச் செய்த உறைகளும் கருவிகளும் மட்டுமே. அவற்றில் எதை வைத்திருப்பது என்று இப்போது முடிவெடுத்தால் டிரெய்லர் ஒன்று போதும். 4 மீட்டர் குறுக்களவுள்ள கட்டங்களின் காலம் முடிந்து அவை ஓய்வுபெறும்போது, மகேந்திரகிரியிலிருந்து அதே 700 கிலோமீட்டர்ச் சாலைக்குத் திரும்பவும் அனுமதி வாங்க வேண்டியிருக்கும்.